ஏலத்துக்குப் போகாத அரிசி

அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. டப்பாவின் மூடி திறந்திருக்கிறது, அதற்கு மேலே சற்குணத்தின் வலது கை ஒரு பிடி அரிசியோடு நிற்கிறது, விரல்கள் விரிய மாட்டேன் என்கின்றன. இது என்ன கூத்து. கல்யாணமாகிப் பாளையங்கோட்டையில் இந்த அடுப்படிக்குள் நுழைந்த நாளிலிருந்து, சோற்றுக்கு அளக்கிற ஒவ்வொரு வேளையும், களைவதற்கு முன்னால் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று எடுத்து இந்த டப்பாவில் போடாமல் அவள் உலை வைத்ததில்லை. ஒருமுறை டைபாய்டில் படுத்துக்கிடந்தபோது புருஷன் தேவதாசன்தான் பொங்கினார், அன்றைக்கும் கட்டிலில் கிடந்தபடியே பிடி எடுத்தாச்சா, பிடி எடுத்தாச்சா என்று கேட்டு மனுஷன் பிராணனை வாங்கியவள். ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவாள், எல்லாப் பெண்களின் அரிசியும் ஒரே சாக்கில் விழும், ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து ஏலம் போடுவார்கள், வருகிற பணம் வடக்கே மலைகளில் ஊழியம் செய்கிறவர்களுக்குப் போகும். அம்புட்டுத்தான் விஷயம். கை தானாகச் செய்கிற வேலை, கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்யும். இன்றைக்கு என்ன வந்தது இந்தக் கைக்கு. சற்குணம் கையைத் திட்டினாள், வாய்க்குள்ளேதான். அப்புறம் பக்கத்தில் கிடந்த ஒரு சின்னத் தட்டில் அந்தப் பிடியைப் போட்டுவிட்டு, பிறகு பார்த்துக்கொள்வோம் என்று மிச்ச அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.

பார்த்துக்கொள்ள அதிக நேரம் இல்லை என்பது அவளுக்கே தெரியும். சாயங்காலம் ஒரிசாவுக்கு ரயில். உள்ளறையில் மகள் எப்சிபா பெட்டி அடுக்குகிறாள், ஜிப்பை இழுக்கிற சத்தம் வருகிறது, பிறகு திறக்கிற சத்தம், மறுபடி இழுக்கிற சத்தம், இந்தப் பிள்ளை எதைத்தான் வைத்து வைத்து எடுக்கிறதோ. முன்னறையில் தேவதாசன் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், விரித்ததிலிருந்து ஒரு பக்கம் புரட்டவில்லை. காலையில் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயரான மனுஷர், எந்த வண்டியும் என்றைக்காவது நடுவழியில் நிற்கும் என்பது அவருடைய விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி. "ஏளா, நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்," என்றார். "நான் சொன்னா அவ சிரிப்பா. நீ சொன்னா நின்னுருவா." காப்பி டம்ளரைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை அப்போதிருந்து அவள் வாய்க்குள் புளியங்கொட்டை மாதிரி கிடக்கிறது, துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. போகாதே. சொன்னால் தீர்ந்தது. பெட்டி மறுபடியும் பரணுக்கு ஏறும், அவர் பேப்பரைப் புரட்டுவார், நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்ட லண்டன் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எப்சிபா மறுபடி போன் பண்ணுவாள், ஊர் மெச்சும். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் சங்கடம். எம்மா, நீங்க வேண்டாம்னா நான் போகல, ஆனா நீங்க வேண்டாம்னு சொல்லமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் என்று அந்தக் கழுதை முன்னமே சொல்லி வைத்துவிட்டது. கெட்டிக்காரி. தாயை எங்கே பிடித்தால் நகர மாட்டாள் என்று தெரிந்து பிடிக்கிறாள். யார் பெற்ற பிள்ளை.

கழனித் தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டாம் தண்ணீர் விட்டாள். அரிசி விரல்களுக்கிடையில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரிசாவில் ஒரு மலைக்கு அடியில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி, அதன் படம்தான் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் இருக்கிறது, வராந்தாவில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வருஷம் முழுக்க அந்தப் படத்துக்கு நேரே நின்றுதான் சற்குணம் தாளித்திருக்கிறாள், அந்தப் பெண்களின் முகத்தில் எண்ணெய்ப் புகை படிந்து போயிருக்கிறது. அங்கிருந்து ஒரு அம்மா நம் கோயிலுக்கு வந்து பேசினாள். காய்ச்சலில் வற்றிப்போய் வருகிற பிள்ளைகள், ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் எங்கள் கையிலேயே செத்துப்போகின்றன, தேர்ந்த நர்ஸ் ஒருத்தி வேண்டும் என்று சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள், அழவில்லை, கையை நீட்டவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த எப்சிபா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, எம்மா, நான் அங்க போகட்டுமா என்றாள். பக்கத்துத் தெருவுக்குப் போகட்டுமா என்கிற மாதிரி. தேவதாசனுக்குப் புரையேறிவிட்டது. சற்குணம் முதலில் கேட்டது என்ன தெரியுமா, லண்டனுக்கு யாரு போறது என்று. அதற்கு அவள், லண்டனுக்குப் போக ஆளு வரிசையில நிக்குதும்மா என்றாள். எல்லாம் உங்க ஜெபந்தான், நீங்க கேட்டீங்க, கிடைச்சிருக்கு என்றாள்.

அது குத்தல் இல்லை, அந்தப் பிள்ளைக்குக் குத்தலாகப் பேச வராது. ஆனால் முள் மாதிரி உள்ளே இறங்கிக்கொண்டது. கேட்டாள்தானே. வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் மிஷன் ஊழியத்துக்காக ஜெபம் பண்ண வேண்டும் என்றால், சங்கத் தலைவி பாக்கியசீலி அக்காள் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்க்கவே மாட்டாள், நேரே சற்குணம் நீங்க பண்ணுங்க என்பாள். அந்தத் தொண்டை அப்படி. ஆண்டவரே, ஆட்களை அனுப்பும், அந்தகாரத்தில் கிடக்கிற இடங்களுக்கு ஆட்களை அனுப்பும் என்று அவள் எடுத்தால் எதிர்வீட்டு ஆடுகூடப் படுத்த இடத்தில் எழுந்து நிற்கும். அனுப்பும், அனுப்பும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை. சுருதி பிசகாமல், கண்ணீர் வரவேண்டிய இடத்தில் கண்ணீர் வந்து. ஒரு வெள்ளிக்கிழமையாவது யாரை அனுப்பும் என்று சொன்னாளா. சொல்லவில்லை. ஆட்கள் என்றால் ஆட்கள். எங்கேயோ யாரோ பெற்ற பிள்ளைகள், புகைப்படத்தில் பல் தெரியச் சிரிக்கிற பிள்ளைகள். ஆண்டவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் போலிருக்கிறது. சரி சற்குணம், அனுப்புகிறேன், உன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்திருக்கிறார். இவள் மடியில் உட்கார்ந்து இவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு அந்த அனுப்பும் அனுப்பும் என்பதைக் கேட்டு வளர்ந்தது ஒன்று இருந்தது. இனிமேல் வெள்ளிக்கிழமை என்ன சொல்லி ஜெபம் பண்ணுவது. தண்ணீர் கொதித்துவிட்டது, மூடி தடதடக்கிறது. அரிசியைப் போட்டாள். கொதி அடங்கி உலை ஒரு நிமிஷம் மௌனமானது, அடுப்படியே என்னவோ போலாகிவிட்டது.

பெருமை இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது, தலை முட்ட இருக்கிறது. வண்ணார்பேட்டைப் பக்கம் எப்சிபா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், நரம்பு கிடைக்கவில்லை என்றால் டாக்டர்மாரே எப்சி சிஸ்டரைக் கூப்பிடு என்பார்களாம். பச்சைப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பாள், பிள்ளை வீறிட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஊசி உள்ளே போயிருக்கும். இதை சற்குணம் நேரடியாகச் சொல்லிப் பெருமையடிக்கிறவள் இல்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்று, என்னத்தச் சொல்ல, எம் மகளுக்குச் சாப்பிட நேரம் இல்ல, எல்லா வார்டுலயும் அவளத்தான் கூப்பிடுதாங்க என்று அலுத்துக்கொள்வாள். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பெருமை பாவம் என்று போதகர் பிரசங்கம் பண்ணுகிறார், அவளும் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கிறாள், கேட்டுவிட்டு எழுந்திருக்கும்போது, இவ்வளவு தாழ்மையாக மன்னிப்புக் கேட்கிறவள் இந்தச் சபையில் வேறு யார் என்று இன்னொன்று முளைத்துவிடுகிறது. என்ன செய்ய. பெற்ற வயிறு. லண்டன் என்று வந்தபோது அந்தப் பெருமை குபுகுபுவென்று வெளியே வந்தது, நாலு பேரிடம் சொல்ல முடிந்தது. ஒரிசா என்று வந்தபோது வந்த பெருமை வேறு மாதிரி, அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, சொன்னால் அழுதுவிடுவாள் போலிருக்கிறது. பாக்கியசீலி அக்காளிடம் சொன்னாள். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சற்குணம், பொம்பளப் பிள்ளைய, கல்யாணமாகாத பிள்ளைய, கொசுக்கடியிலயும் காட்டுலயும் கொண்டு விடுவாங்களா, ஊழியம் செய்ய வேற பிள்ளைங்க இல்லியா என்றாள். வேற பிள்ளைங்க. சற்குணத்துக்குச் சுருக்கென்றது. இந்த அக்காள்தானே வருஷம் முழுக்க முதல் ஆமென் போடுகிறவள். ஆனால் அவளைச் சொல்லி என்ன பிரயோசனம். அவள் வாயிலிருந்து வந்தது சற்குணத்தின் வயிற்றில் கிடந்ததுதானே.

பாக்கியசீலி அக்காளுக்கு இந்த டப்பா மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. எப்சிபா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இந்த அரிசி ரயிலில் ஏறி அப்படியே மிஷனெரிகள் வீட்டுக்குப் போய் அவர்கள் பொங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வெறும் சோறு எப்படித் திம்பாங்க பாவம் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு கருப்பட்டித் துண்டை அரிசிக்குள் புதைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாக்கில் கொட்டினால் சாரை சாரையாக எறும்பு. அந்த வார அரிசி முழுக்க எறும்பு. ஏலம் எடுக்க வந்த இட்லிக் கடைக்காரர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். பாக்கியசீலி அக்காள் பிள்ளையின் காதைத் திருகினாள், சற்குணம் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஆனால் பிள்ளை அழுதது காதுக்காக இல்லை. இட்லிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு போவார் என்பது அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது. அப்ப அங்க யாருமே நம்ம அரிசியச் சாப்பிடலியா, நம்ம அரிசி போகவே இல்லியா என்று வழி நெடுக ஏங்கி ஏங்கி அழுதது. பணமாப் போகுதுட்டி என்று சற்குணம் எவ்வளவோ சொன்னாள். பணமும் அரிசியும் ஒண்ணா என்று கேட்டது. இப்போது சற்குணம் தட்டில் கிடக்கிற பிடியைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, யாருக்கும் போகாமல், உலைக்கும் போகாமல் கிடக்கிறது.

உலை மறுபடி பொங்க ஆரம்பித்தது, நுரை விளிம்புக்கு வந்தது, அடுப்பைத் தணித்தாள். பெட்டி. ஜிப் பெட்டி இல்லை, மரப்பெட்டி. தெற்கே ஒரு ஊரில் போன வருஷம் ஒரு பையனை அப்படிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள், வடக்கே ஒரு மலையில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த பையன், மூளைக் காய்ச்சல். சங்கத்திலிருந்து வேன் பிடித்து எல்லாரும் போனார்கள், மாலை வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு. பாட்டை சற்குணம்தான் எடுத்துக்கொடுத்தாள். அந்தப் பையனின் தாய் அழுது முடித்தவள் மாதிரி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சற்குணம் குனிந்து கையைப் பிடித்ததும் அவள் முகத்தை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டாள். நீங்களும் பிடி அரிசி எடுக்கீங்களா. ஆமா என்றாள் சற்குணம். விட்டுராதீங்க என்றாள் அந்தத் தாய். அவ்வளவுதான், அடுத்த ஆள் கைபிடிக்க வந்துவிட்டாள். வேனில் வருகிற வழியெல்லாம் சற்குணம் அந்தக் குரல் எப்படி இருந்தது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். உங்க அரிசிதான் எம் பிள்ளைய அங்க கொண்டு போச்சு என்கிற குரலா. நீங்க அரிசி போடுங்க, நாங்க பிள்ளை போடுறோம் என்கிற குரலா. ஒரு வருஷமாக அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறாள். விட்டுராதீங்க. விட்டுராதீங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் குத்துகிறது. நாளைக்கு அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால், யாரோ ஒருத்தி வெள்ளைச் சேலையில் குனிந்தால், நான் அப்படிச் சொல்வேனா. ஆண்டவரே, எனக்கு அந்தப் பெலன் இல்லை. இருக்கிற மாதிரி நடித்துக்கொண்டு இந்தப் பிள்ளையை ரயிலேற்றச் சொல்லாதேயும். ஒரு வார்த்தை. இதோ இந்தக் கதவுதான், கூப்பிட்டால் வந்துவிடுவாள்.

கூப்பிடவில்லை, அவளே வந்துவிட்டாள். பெட்டி அடுக்கி முடித்த ஆள் மாதிரி இல்லை. தலையை வாரி முடியவில்லை, துப்பட்டாவை ஒரு கையில் சுருட்டிக்கொண்டு அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், சின்ன வயதில் முட்டை வேகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பாளே, அந்த இடத்தில். மீன்குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தாள். இவளுக்காகக் காலையிலேயே சாளை வாங்கி வைத்த குழம்பு.

"எம்மா, பயமா இருக்கு," என்றாள். "நேத்து வரைக்கும் இல்ல. பெட்டிய மூடினதும் வந்துட்டு."

சற்குணம் கரண்டியால் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். நடுவில் இன்னும் வெள்ளைப் புள்ளி இருக்கிறது.

"நீங்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் போகல. யாருகிட்டயும் உங்களச் சொல்லமாட்டேன், எனக்கே மனசு வரலைன்னு சொல்லிக்கிடுறேன்."

இதோ வந்துவிட்டது. கேட்காமலே, மடியிலே வந்து விழுந்துவிட்டது. முன்னறையில் பேப்பர் ஒரு தடவை சரசரத்து நின்றது, அவர் காது இங்கேதான் இருக்கிறது. சொல்லிவிடு சற்குணம், பிள்ளையே வழி காட்டுகிறாள், உன் தலையில் பழி வராது, சாயங்காலம் மூணு பேருமாக உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது. அப்போதுதான் எதற்காகவோ அவள் கண் மகளின் கைகளில் போய் விழுந்தது. துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டிருக்கிற விரல்கள், நீளமான, நகம் ஒட்ட வெட்டிய விரல்கள். வற்றின பிள்ளையின் கையில் நரம்பு கண்டுபிடிக்கிற விரல்கள். இவை இங்கே உட்கார்ந்து துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டிருக்கின்றன, அங்கே காலண்டரில் புகை படிந்த முகத்தோடு ஒருத்தி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளும் பெற்றவள்தான். அப்போது அந்தச் சாவு வீட்டுத் தாயின் குரல், ஒரு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த குரல், திடீரென்று வேறு மாதிரி கேட்டது. அது குற்றம் சொன்ன குரலே இல்லை. கெஞ்சின குரல். எம் பிள்ளை போன இடத்த விட்டுராதீங்க என்று கெஞ்சியிருக்கிறாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி தனக்காகக் கேட்கவில்லை. அடி மகராசி, இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை நாள் ஆச்சே என்று சற்குணத்துக்குக் கண் பொங்கிவிட்டது, அடுப்புப் புகை இல்லாத காஸ் அடுப்பில் அதற்கு யாரைக் குற்றம் சொல்ல.

"பயமா இருக்கத்தான் செய்யும்," என்றாள். குரல் வெள்ளிக்கிழமைக் குரல் இல்லை, தழைந்துபோய்க் கிடந்தது. "எனக்கும் கையும் காலும் ஓடலட்டி. காலையில இருந்து உன்னய நிப்பாட்டணும்னுதான் நின்னுக்கிட்டிருக்கேன்."

"அப்ப சொல்லுங்களேன்."

"பயம் போனப்புறம் போவோம்னு உக்காந்தா யாரும் எங்கயும் போயிருக்க முடியாது. பயந்துக்கிட்டே போ. போயிட்டு வா. நான் இங்க பயந்துக்கிட்டே ஜெபம் பண்ணுதேன். இனிமே யாரையோ அனுப்பும்னு கேக்கமாட்டேன். உம் பேரச் சொல்லிக் கேப்பேன், அவருக்கும் எனக்கும் குழப்பம் இல்லாம."

எப்சிபா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, கொஞ்ச நேரம் கழித்து நின்றது. சற்குணம் பக்கத்தில் போய் உட்காரவில்லை. உட்கார்ந்தால் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று தெரியும். சோறு பதமாகிவிட்டது, பிடிதுணியால் பானையைப் பிடித்துக் கஞ்சி வடித்தாள். ஆவி முகத்தில் அடித்தது, அதுவும் நல்லதாய்ப் போயிற்று. வாசலில் நிழல் தட்டியது. தேவதாசன் பேப்பரோடு வந்து நின்றுகொண்டிருந்தார், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பெஞ்சாதியைப் பார்த்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அவளும் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள், கழுத்து ஒரு விரற்கடை உயர்ந்துதான் இருந்தது, அதற்கு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

"ஸ்டேஷனுக்கு ஆட்டோ சொல்லிட்டீங்களா," என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். நம்ம பால்தங்கம் ஆட்டோ நல்ல கண்டிஷன்ல இருக்கு, வழியில நிக்காது என்றார். அவர் வாயிலிருந்து ஒரு வண்டியைப் பற்றி இப்படி ஒரு சொல் வந்து சற்குணம் கேட்டதே இல்லை. போன் எடுக்க முன்னறைக்குப் போனார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் அவள் அலமாரியிலிருந்து தேவதாசனின் வெளுத்த கைக்குட்டை ஒன்றை எடுத்து விரித்தாள். தட்டில் கிடந்த பிடி அரிசியை, ஒரு மணி சிந்தாமல், அதில் கொட்டினாள். நாலு முனையையும் சேர்க்கப் போனவள் நின்றாள். கருப்பட்டிச் சாடியைத் திறந்து ஒரு துண்டை உடைத்து அரிசிக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். முடிச்சை இறுக்கிப் போட்டு மகளின் மடியில் வைத்தாள்.

"இத நீயே கொண்டு போ. அங்க போய் நீயே பொங்கிச் சாப்பிடு. இது ஏலத்துக்கு இல்ல."

எப்சிபா முடிச்சைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். நடுவில் கட்டியாகத் தட்டுப்பட்டது. ஈரமான முகத்தோடு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"எம்மா, எறும்பு வரும்."

"வரட்டும்," என்றாள் சற்குணம், டப்பாவில் போட இன்னொரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டே. "துணைக்கு எதாவது கூட வரட்டும்."